கட்டிலுக்குக் கீழே ஒரு குரல்

என்னைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களும், பார்க்காமலே பார்த்ததாகச் சொல்பவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: இவ்வளவு வசனத்தையும் எப்படிப் பாடமாக்கினீர்கள்? பல வருடங்கள் ஒரு சிரிப்போடு சமாளித்துவந்தேன். இப்போது வயது போய்விட்டது, சமாளிக்க அலுப்பாக இருக்கிறது. உண்மை என்னவென்றால், பிறந்ததிலிருந்து இருபத்தெட்டு வயதுவரை நான் ஒரு வசனத்தைக்கூடப் பாடமாக்கியதில்லை.

குற்றம் என்னுடையதல்ல, யாழ்ப்பாணத்தில் நான் படித்த பெண்கள் பாடசாலையுடையது. வருடாவருடம் பரிசளிப்பு விழாவுக்கு எங்கள் தமிழ் ரீச்சர் ஒரு சரித்திர நாடகம் எழுதுவார். விழா நாள் காலைவரை எழுதுவார். காலையில் மகாராணி விஷம் குடித்துச் சாவாள். மத்தியானம் அதிபர் அம்மா வந்து, பரிசு கொடுக்கிற இடத்தில் சாவு வேண்டாம் என்றதும், மகாராணி துறவியாகிவிடுவாள். இதில் பாடமாக்க என்ன இருக்கிறது? ரீச்சர் கொப்பியோடு திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுப்பார். நாங்கள் காதால் வாங்கி வாயால் விடுவோம்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கும், செய்து பார்த்தால் தெரியும். இந்த வரியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரியைக் கேட்க வேண்டும். கேட்பது முகத்தில் தெரியக்கூடாது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் கிணற்றுக்குள் விழுந்த வாளியைத் தேடுகிறவர்கள் மாதிரித் தலையைச் சரித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. உயரமாக இருந்ததால் எப்போதும் அரசன் வேடம்தான். கரியால் மீசை கீறி, அதிபர் அம்மாவின் சிவப்பு மேசைவிரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு நான் கர்ச்சித்தால் பின்வரிசையில் குழந்தைகள் அழும். தபாலதிபராக இருந்த என் அப்பாவும் இதையெல்லாம் அனுமதித்தார். மகள் மீசையோடு நின்றால் ஊர் ஒன்றும் கதைக்காது என்பது அவருடைய கணக்கு. நான் நடிகையாகப் போகிறேன் என்று ஒருநாள் சொன்னபோதுதான் அவருக்கு மீசை போதாது என்று தெரிந்தது. அடுத்த வருடமே எனக்குக் கலியாணம் பேசிவிட்டார்.

மாப்பிள்ளை மெல்பேர்னில், வீதிகளுக்குப் படம் கீறுகிற டிராப்ட்ஸ்மன். நிறத் தொலைக்காட்சி அந்த ஊருக்கு அப்போதுதான் வந்திருந்தது. நாங்கள் குடியிருந்த ஃபுட்ஸ்கிரே ஃபிளாட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான், அதுவும் தட்டினால்தான் வேலை செய்யும். நான் ஒரு சொக்ஸ் தொழிற்சாலையில் சோடி சேர்க்கிற வேலைக்குப் போனேன். காலையிலிருந்து மாலைவரை சாம்பல் நிறச் சொக்ஸையும் கொஞ்சம் குறைந்த சாம்பல் நிறச் சொக்ஸையும் பிரித்துக்கொண்டிருப்பேன். கர்ச்சித்த தொண்டைக்கு வந்த கதி அது. மனதுக்குள் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆனால் யாரிடம் சொல்வது? மேடை வேண்டும் என்று அழுகிற பெண்ணுக்குக் குளிசை எழுதிக் கொடுக்கிற டொக்டர் அங்கேயும் இல்லை.

என் கணவரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, அவருடைய குரல் ஆறடிக்கு மேல் போகாது. தொலைபேசியில்கூட மற்றப் பக்கத்தில் இருப்பவர்கள் ஆள் இல்லை என்று வைத்துவிடுவார்கள். இரண்டு, அவர் பெரும் கவனசாலி. வானம் கொஞ்சம் கறுத்தாலே கார் லைட்டைப் போட்டுவிடுவார். பகல் பதினொரு மணிக்கும் போடுவார். போடுகிற கவனம் அணைப்பதில் இல்லை என்பதுதான் அவரிடம் இருந்த ஒரே குறை.

அந்த நாட்களில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றையும் ஒரு தேவாலய மண்டபத்துக்குள் அடக்கலாம், அடக்கிய பிறகும் கதிரைகள் மிச்சமாக இருக்கும். தீபாவளிக்கு அங்கே கூடுவோம். ஒருவர் வீட்டில் கட்லட், இன்னொருவர் வீட்டில் ரோல்ஸ் என்று பிரித்துக்கொண்டு செய்துவருவோம். ஒரு வருடம், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நாடகம் போடலாமே என்று யாரோ சொன்னார்கள். நான் கையை உயர்த்தியது, கேள்வி முடிவதற்கு முன்னால். வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்றேன். எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். ஆறடிக்கு மேல் போகாத குரலுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே உத்தியோகம் அதுதான்.

அவர் அந்த வேலையைப் பாலம் கட்டுகிறவர் மாதிரி எடுத்துக்கொண்டார். கட்டம் போட்ட கொப்பியில் முழு நாடகத்தையும் தன் கையால் எழுதினார். நிறுத்த வேண்டிய இடத்தில் சிவப்புக் கோடு, அழ வேண்டிய இடத்தில் நீலக் கோடு. மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு எனக்கு எடுத்துக் கொடுப்பார். அவருடைய மெல்லிய குரல் வந்து என் காதில் விழும், என் பெரிய குரல் மண்டபத்தில் விழும். கலியாணமாகி அதுவரை நாங்கள் இருவரும் இவ்வளவு ஒற்றுமையாக எந்த வேலையும் செய்ததில்லை.

மீசை இல்லாமல் நான் மேடையில் ஏறியது அன்றுதான் முதல் முறை. மகனைப் போருக்கு அனுப்பிய தாய் வேடம். வெளியே மழை. மகன் இறந்த செய்தி வருகிறது, நான் நெஞ்சில் கைவைத்து நிற்கிறேன், நீலக் கோடு. அடுத்த வரிக்காகக் காதைக் கொடுத்தேன். வந்தது. வந்ததை அப்படியே, மண்டபம் அதிர, கண்ணீரோடு சொன்னேன்:

"ஐயோ! கார் லைட் அணைக்கேல்லை!"

கவனசாலிக்குத் திடீரென்று ஞாபகம் வந்திருக்கிறது, வாய்விட்டு முணுமுணுத்திருக்கிறார். என் காதுக்கு அவர் சொன்னதெல்லாம் வசனம்தான். முன்வரிசையில் இருந்து நான்கு ஆண்கள் எழுந்து வெளியே ஓடினார்கள், அவரவர் காரைப் பார்க்க. என் கணவரால் எழும்ப முடியவில்லை, கொப்பி மடியில். மிச்ச நாடகத்தை அவர் எடுத்துக் கொடுத்த குரல் என்னுடையதைவிடச் சோகமாக இருந்தது. அன்று பற்றரி இறங்கிப்போன எங்கள் காரை மண்டபத்தில் இருந்த அத்தனை ஆண்களும் சேர்ந்து தள்ளினார்கள்.

ஆனால் அந்த ஒரு வரி எனக்கு வழி திறந்தது. அதே மண்டபத்தில் வியாழக்கிழமைகளில் ஒரு வெள்ளைக்கார நாடகக் குழு ஒத்திகை பார்க்கும். அதன் தலைவி ஒரு பல் வைத்தியரின் மனைவி. அன்று தங்களுடைய சாமான்களை எடுக்க வந்தவர், பின்னால் நின்று பார்த்திருக்கிறார். ஒரு பெண் ஒரு வரி சொன்னதும் நான்கு ஆண்கள் எழுந்து ஓடியதை அவர் தன் வாழ்நாளில் எந்த மேடையிலும் கண்டதில்லையாம். அடுத்த வாரமே ஆள் அனுப்பிவிட்டார். அது என்ன வரி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர்கள் போட்டது ஒரு கொலை நாடகம். நான் கிழக்கு நாட்டிலிருந்து வந்த மர்மமான விருந்தாளி. முதல் பாதியில் சில வரிகள் பேசிவிட்டுக் கொலையாகிவிடுவேன். இரண்டாம் பாதி முழுவதும் சோபாவில் பிணம். வசனத்தை எல்லோரும் பாடமாக்கி வரவேண்டும், மறந்தால் மட்டும் பக்கத்தில் இருந்து ஒருவர் ஞாபகப்படுத்துவார் என்றார்கள். மறந்தால் மட்டும்! நான் தலைவியிடம், என் கணவர் இல்லாமல் எனக்குப் பேச்சு வராது என்று சொன்னேன். அவர் அதை எங்கள் பண்பாடு என்று எடுத்துக்கொண்டார். மிகுந்த மரியாதையோடு, என் கணவருக்குச் சோபாவின் பின்னால் ஒரு குஷன் போட்டுக் கொடுத்தார்.

என் வரிகள் நன்றாகவே போயின. பிணமாகக் கிடந்ததுதான் கஷ்டம். மூக்கு அரிக்கும், கால் விறைக்கும். சோபாவுக்குப் பின்னாலிருந்து அவருடைய குரல் வந்துகொண்டே இருக்கும்.

"அசையாதேயும். இன்னும் ஆறு பக்கம் இருக்கு."

பிறகு, "அஞ்சு."

நாடகம் முடிந்ததும் ஒரு பெண்மணி என்னைத் தேடி வந்தார். தொலைக்காட்சித் தொடர்களுக்கு நடிகர்களைத் தேடிப் பிடிப்பது அவருடைய தொழில். இவ்வளவு ஆடாமல் அசையாமல் செத்துக் கிடந்தவரைத் தான் பார்த்ததில்லை என்றார். ஒரு வைத்தியசாலைத் தொடரில் ஆசிய முகமுள்ள தாதி ஒருத்தி தேவை, ஆறு வரி வசனம். சரிவந்தால் அந்தத் தாதி வாரம்தோறும் வருவாள். சரிவராவிட்டால் அந்த ஆறு வரியையும் ஏற்கெனவே தொடரில் இருக்கிற இன்னொரு தாதியிடம் கொடுத்துவிடுவார்கள். இதைச் சொல்லிவிட்டு அவர் என் கையைக் குலுக்கினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த ஆறு வரிக்கு அந்தப் பக்கம் நடிகை, இந்தப் பக்கம் சாம்பல் நிறச் சொக்ஸ். நடுவில் வேறொன்றும் இல்லை.

வசனம் வந்தது. பத்து நாள் இருந்தது. பாடமாக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் என் மூளைக்கும் வாய்க்கும் நேர் வழி இல்லை, எல்லாம் காது வழியாகத்தான் போகிறது என்று தெரிந்தது. கணவர் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று முணுமுணுத்தால் வசனம் மழையாகக் கொட்டும். அவர் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினால் நின்றுவிடும்.

"நான் அந்த நேரம் ஒஃபிசிலை இருப்பன். நீர்தான் தனியச் சமாளிக்கவேணும்" என்றார்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் வராட்டி நான் போகேல்லை. நாளைக்கே அந்த மனுசிக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிப்போட்டு சொக்ஸ் அடுக்கப் போறன்" என்று நான் கதவுக்கு வெளியே நின்று அழுதேன். நடிப்பல்ல, சொந்த அழுகை.

வாழ்க்கையில் பொய் சொல்லாத மனிதர், படப்பிடிப்பு நாளன்று வயிற்றுவலி என்று கந்தோருக்கு அறிவித்தார். அந்தப் பாவத்துக்குப் பயந்தோ என்னவோ, ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேருவதற்குள் அவருக்கு உண்மையாகவே வயிறு வலிக்கத் தொடங்கிவிட்டது. வெளிக்கிட்டபோது பனிக்காலத்து விடியற்காலை, வீதி முழுக்கப் புகார், முன்னால் போகிற கார்கூடத் தெரியவில்லை. ஊர்ந்து ஊர்ந்து போனோம்.

ஸ்டூடியோவுக்குள் அவரை எப்படிக் கொண்டுபோவது என்று நான் பெரிய திட்டமெல்லாம் போட்டிருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. வாசலில் நின்ற பெண் அவருடைய முகத்தைப் பார்த்தாள், மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாள், உடைகள் தொங்கிய பக்கம் கையைக் காட்டினாள். அங்கே ஒருத்தி ஒரு வார்த்தை கேட்காமல் அவருக்கு வெள்ளைக் கோட் போட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் மாட்டிவிட்டாள். நான் தாதி, அவர் டொக்டர். இருவரும் வோர்டுக்குள் நடந்தோம். அப்பா பேசிய மாப்பிள்ளை ஒருவழியாக டொக்டராகிவிட்டார் என்று எனக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்தது.

வோர்ட் என்றால் மூன்று சுவர், நான்கு கட்டில். ஒரு கட்டிலில் வயதான நடிகர் ஒருவர் நோயாளியாகப் படுத்திருந்தார். எல்லோரும் லைட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, என் கணவர் கொப்பியும் கையுமாக அந்தக் கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். வயதானவர் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். கம்பளியைக் கொஞ்சம் கீழே இழுத்து மறைத்துவிட்டார். நீண்ட காலம் இந்தத் தொழிலில் இருந்தவர் போலும்.

தொடங்கச் சொன்னார்கள். நான் நடந்துவந்து கட்டிலருகே நின்றேன். கீழிருந்து வசனம் வந்தது, சொன்னேன். வந்தது, சொன்னேன். தேர் ஓடுவதுபோல் ஓடியது. மூன்றாவது வரியில் யாரோ நிறுத்தச் சொன்னார்கள். காதில் பெரிய கருவியை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவு செய்தவர் எழுந்து வந்தார். எங்கள் தலைக்கு மேல் நீண்ட தடியில் ஒரு மைக் தொங்கியது, நான் அதை லைட் என்று நினைத்திருந்தேன். தாதி பேசுவதற்கு முன்னால் தாதியின் வசனத்தை ஓர் ஆண் பேசுகிறான் என்றார் அவர். எல்லோரும் வயதான நடிகரைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நோயாளியாகவே கிடந்தார்.

டைரக்டர் தடிமன் பிடித்து மூக்குறிஞ்சிக்கொண்டிருந்த மனிதர். குனிந்து கம்பளியைத் தூக்கினார். உள்ளே வெள்ளைக் கோட், ஸ்டெதஸ்கோப், கட்டம் போட்ட கொப்பி.

"டொக்டர், அங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் கணவர் தவழ்ந்து வெளியே வந்தார். உண்மையைத் தவிர அவருக்கு வேறு என்ன தெரியும்? "நான் டொக்டர் இல்லை. இவளுடைய புருஷன்" என்றார். வயிற்றுவலிப் பொய்யையும் சேர்த்து ஒப்புக்கொண்டார், யாரும் கேட்காமலே.

சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், ஒலிப்பதிவுக்காரர் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. தூரத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மற்றத் தாதியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரிந்தது.

"இன்னும் ஒரு தரம்" என்றார் டைரக்டர். "ஒரே ஒரு தரம். டொக்டர் கமராவுக்குப் பின்னால் கதிரையில் இருக்கட்டும். வாயிலிருந்து சத்தம் வரக்கூடாது."

சத்தம்தானே வரக்கூடாது? வாயை அசைக்கலாம். நான் அவரைப் பார்த்தேன், அவர் தலையாட்டினார். அந்த வாயை எனக்குத் தெரியும், அசைந்தால் போதும், காது இல்லாமலே படித்துவிடுவேன். அவர் கமராவுக்குப் பின்னால் கொப்பியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளிச்சம் என்மேல் விழுந்தது. தொடங்கச் சொன்னார்கள்.

நடந்துவந்தேன். நின்றேன். நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவருடைய வாய் திறந்திருந்தது. ஆனால் அசையவில்லை. விரல் கொப்பியில் இல்லை, கண்ணும் கொப்பியில் இல்லை. கொப்பி மடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. கொட்டாவி விடப் போகிறவர் மாதிரி, வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. பாவி மனுசன், என் வாழ்க்கை போகிற நேரத்தில் பராக்குப் பார்க்கிறான்! அந்தக் கோபத்தில் வாயைத் திறந்தேன். முதல் வரி வந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியாது, வந்தது. பிறகு இரண்டாவது. பத்து நாள் குசினிக்குள் அவர் முணுமுணுத்ததெல்லாம் உள்ளே எங்கோ வரிசையாக நின்றிருக்கிறது, சிவப்புக் கோடு, நீலக் கோடு எல்லாவற்றோடும். மகளோடு கோபித்துக்கொண்டு மருந்து குடிக்க மறுக்கிற நோயாளியிடம் நான் சொல்ல வேண்டிய கடைசி வரி இதுதான்: "உங்கள் மகள் மூன்று நாளாக வெளியே கதிரையில் இருக்கிறாள். அவளைக் கூப்பிட உங்களுக்கு வாய் வராவிட்டால் சொல்லுங்கள், நான் கூப்பிடுகிறேன்." என் கணவருக்காகவே வைத்திருந்த ஆத்திரம் முழுவதையும் அந்தக் கிழவர்மேல் கொட்டினேன். அவர் உண்மையாகவே பயந்துபோய் மருந்தைக் குடித்தார்.

டைரக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாரமும் வரச் சொன்னார். புருஷனை வீட்டில் விட்டுவிட்டு வரும்படியும் சொன்னார்.

சந்தோஷப்பட்டேனா? அதற்கு நேரம் இருக்கவில்லை. கோபம் முடிய வேண்டாமா? கார் நிறுத்திய இடம்வரை நான் முன்னே, அவர் பின்னே. புகார் எல்லாம் போய் நல்ல வெயில். ஏறி உட்கார்ந்தோம். அவர் சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தரம் திருப்பினார். பிறகு, ஆறடிக்கு மேல் போகாத அந்தக் குரலில் சொன்னார்:

"கார் லைட் அணைக்கேல்லை."

அவர் இறங்கிப் போய், பழுதுபார்க்கிற ஆளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். இனியும் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏன் வாயை அசைக்கேல்லை? என்னை நடுத்தெருவிலை விடப் பாத்தனீங்களே?"

"பாத்துக்கொண்டு இருந்திட்டன்."

"எதை?"

"உம்மைத்தான்."

"என்னை நீங்கள் காணாத ஆள்மாதிரி!"

"நடிக்கேக்கை கண்டதில்லையே" என்றார். "என்ரை கண் எப்பவும் கொப்பியிலை. சோபாவுக்குப் பின்னாலை இருந்தனான், திரைக்குப் பின்னாலை இருந்தனான், கட்டிலுக்குக் கீழை கிடந்தனான். சனமெல்லாம் வந்து, உங்கட மனுசி அப்பிடி நடிச்சவ, இப்பிடி நடிச்சவ எண்டு சொல்லுவாங்கள். நானும் ஓம் ஓம் எண்டு தலையாட்டுவன். இண்டைக்குத்தான் முதல்முதல் பாத்தன்."

நான் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனி உம்மட வசனத்தை நீரே பாடமாக்கும்" என்றார். "எனக்கு முன்வரிசையிலை ஒரு கதிரை வேணும்."

அதற்குப் பிறகு நான் அழுததை அடக்க முடியவில்லை. மூக்காலும் கண்ணாலும் வழிய, தாதி மேக்கப் முழுவதும் கழுத்துக்கு இறங்க, வாய்விட்டு அழுதேன். அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் பழுதுபார்க்கிற ஆள் தன் வண்டியில் வந்து சேர்ந்தான். பெரிய உருவம், எண்ணெய் படிந்த கை. குனிந்து ஜன்னல் வழியாக எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் இளகிவிட்டது.

"பற்றரிதானே, பிள்ளை" என்றான். "இதுக்குப் போய் இப்படி அழலாமா?"